யாருடைய தூக்கம் கணக்கில் வரும்?

கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் இரவு விமானங்களில் இரண்டு வகை உழைப்பாளிகள் இருக்கிறார்கள். ஒருவர் சீருடை அணிந்து சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற விமானப் பணிப்பெண். மற்றவர் கடவுச்சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருக்கிற வீட்டுப் பணிப்பெண். ஊவா மலைகளில் உள்ள பூனாகலையிலிருந்தோ கொஸ்லந்தையிலிருந்தோ ஹப்புத்தளையிலிருந்தோ பஸ் ஏறி வந்தவர். அந்த இரவில் இருவருக்குமே தூக்கம் கிடையாது. முதலாமவர் எத்தனை மணி நேரம் கடமையில் நிற்கலாம், அதன் பிறகு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. மீறினால் கேள்வி கேட்க ஓர் அதிகார சபை உண்டு. இரண்டாமவருடைய வரப்போகும் இரண்டு வருடத் தூக்கம் அவர் போய்ச் சேரும் வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. ஊவாத் தோட்டங்களின் இரவுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தியாசம்தான் முன்னே வந்து நிற்கிறது. தூக்கம் எல்லா உடம்புக்கும் ஒன்றுபோலத் தேவை. ஆனால் ஒருவர் தூங்காவிட்டால் இன்னொருவர் சாகக்கூடும் என்ற இடத்தில்தான் அதை மணிக்கணக்கில் எண்ணிக் காக்கிறோம். தூங்காதவரே கெட்டுப்போகிற இடத்தில் அவரவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கணக்கு தவறு என்பதே நான் சொல்ல வருவது.

தோட்டத்து நினைவுகளில் விடியற்காலை ஓசைகளுக்குத் தனி இடம் உண்டு. இருட்டோடு தப்பு அடித்து ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பியது பழைய வழக்கம். பிறகு ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு வந்தது. கங்காணி, லயம் எனும் வரிசை வீடுகளைச் சுற்றி வந்து குரல் கொடுத்த காலமும் உண்டு. பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும், அல்லது அரைப் பேராகிவிடும் என்ற பயம் நான்கு மணிக்கே பெண்களை அடுப்படிக்குத் தள்ளும். ரொட்டி தட்டி, தேயிலைச் சாயம் வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பரா என்னும் காப்பகத்துக்கும் தயார் செய்துவிட்டு மலைக்கு ஏறுகிறவர், பொழுது சாய்ந்து கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கி, மறுபடியும் அடுப்பு மூட்டி, எல்லாரும் படுத்த பிறகு படுப்பார். இருநூறு வருடத்துக்குக் கிட்டிய தோட்ட வரலாற்றில் எழுப்புவதற்கு ஆளும் கருவியும் சம்பளமும் இருந்தன. எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்க யாரும் இருந்ததில்லை. தூக்கம் தோட்டக் கணக்கில் ஏறாத சமாச்சாரமாகவே இருந்து வந்திருக்கிறது.

விமானத் துறைக்கும் இந்த அறிவு சும்மா வந்துவிடவில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பலர் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்ட விசாரணைக் குழு, தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்தார் என்றும், விழித்த பிறகும் தூக்கக் கலக்கம் தெளியாத நிலையில் தவறான முடிவுகளை எடுத்தார் என்றும் கண்டது. அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே 50 உயிர்களைக் கொண்டுபோன விபத்து அங்கே விமானிகளின் ஓய்வு விதிகளைத் திருத்த வைத்தது. விமானப் பணியாளர்களின் முறை அதற்கும் வெகு காலம் கழித்தே வந்தது. அங்கே அவர்களுக்கு இரண்டு கடமைகளுக்கு இடையில் 9 மணி நேர ஓய்வுதான் இருந்தது, அதையும் 8 ஆகக் குறைக்க இடம் இருந்தது. தொடர்ந்து 10 மணி நேரம், குறைக்கக் கூடாது என்ற விதி 2022 ஒக்டோபரில்தான் பிறந்தது. தேநீர் பரிமாறுவது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதிதான். தீப்பிடித்தால் 90 விநாடிக்குள் விமானத்தைக் காலி செய்ய வேண்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய தூக்கத்துக்கு விலை வந்தது அந்த 90 விநாடிக்காக.

விதி இருந்தும் அவர்களுடைய உடம்பு தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 முதல் விமானப் பணியாளர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டி 2018இல் வெளியிட்ட கட்டுரையில், மார்பகப் புற்றும் தோல் புற்றும் பொதுமக்களைவிட அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொன்னார்கள். தூக்கக் கோளாறும் மனச்சோர்வும் அவர்களிடம் அதிகம் என்பதை அதே ஆய்வின் முந்திய கட்டுரை காட்டியிருந்தது. வானத்துக் கதிர்வீச்சு ஒரு காரணம், குலைந்துபோன உடற்கடிகாரம் இன்னொன்று. உயிரணுவுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக ஓடும் அந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதைச் சரிசெய்து வைப்பது வெளிச்சம். நாளுக்கு ஒரு ஊரில் விழிக்கிறவருக்கு வெளிச்சம் நாளுக்கு ஒரு நேரத்தில் வருகிறது. உறவுகள் குலைவதும் இந்த வழியாகத்தான். கணவர் ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிறவர், மனைவி அந்த நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறவர் என்றால், அவர்களுக்குச் சண்டை போடக்கூட ஒரே நேரம் வாய்ப்பதில்லை. பயணிகள் பத்திரமாக இறங்கியதும் விதியின் அக்கறை முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் நடப்பது விதிக்கு வெளியே.

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மலைகளில் இரவு வேலை விமானத்தைவிட மூத்தது. பகலெல்லாம் பறித்த கொழுந்து பின்னேரம் ஸ்டோருக்கு வந்து சேரும். மேல்தட்டில் நீளமான வாட்டுத் தொட்டிகளில், கம்பி வலையின் மேல் அதைப் பரப்புவார்கள். கீழே விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் பெரும்பகுதி போக ஓர் இரவு பிடிக்கும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடிப்பார்கள். கையை விரித்ததும் அது மெதுவாக இளகி விரிய வேண்டும், காம்பை மடித்தால் ஒடியக் கூடாது. இந்தப் பதம் எட்டுவது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. உருட்டலும் நொதித்தலும் குளிர்ந்த வேளையில் நடந்தால்தான் மணம் நிற்கும் என்பதால் இரண்டு, மூன்று மணிக்கு உருட்டும் மெசின் ஓடத் தொடங்கும். பிறகு அடுப்பு, பிறகு சலிப்பு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று இந்த மலைகளைத் தாண்டி வீசும் பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய அந்த மணம் பிறக்கிறது. அப்போது ஸ்டோரில் ஒரு மணி நேரப் பிசகும் விலையில் தெரியும். கொழும்பு ஏலத்தில் பெயர் வாங்குகிற அந்தத் தேயிலைக்குள் ஒரு மனிதன் விழித்திருந்த இரவு கலந்திருக்கிறது. உடம்பின் வெப்பம் ஆகக் குறைந்து, கவனம் ஆக மங்கிப்போகும் நேரம் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை. சுழலும் இரும்புக்குப் பக்கத்தில் அவன் நிற்பதும் அதே நேரத்தில்தான்.

பழகிப் போய்விடும் என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். உழைத்துக் களைத்த உடம்புக்குப் பாய்கூட வேண்டாம், போட்ட இடத்தில் தூங்கும் என்பார்கள். களைப்பு தூக்கத்தைக் கொண்டுவரும் என்பது உண்மைதான், ஆனால் பகலில் அதை நீடிக்க விடுவது களைப்பின் கையில் இல்லை. வருடக்கணக்கில் இரவு வேலை செய்கிறவர்களிலும் மிகச் சிலருடைய உடற்கடிகாரமே முழுதாகத் தலைகீழாகிறது. மற்றவர்கள் பகலில் அரைகுறையாகத் தூங்கி மிச்சத்தைக் கடனாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனை எட்டு மணி வெயில் முகத்தில் அடித்து, இது பகல் என்று உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. அவன் படுக்கப் போகும் இடமோ லயக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, தகரக் கூரை, கூரை வரை எழும்பாத நடுச்சுவர். ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். இஸ்தோப்பில், முன் திண்ணையில், பிள்ளைகள், வாசலில் தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு வானொலி, ஏறும் வெயிலில் சூடாகும் தகரம். இரவு வேலைக்காரன் வீட்டில் பிள்ளைகளை அதட்டி அடக்குவதே தாயின் முழுநேர வேலையாகிவிடும். விமானப் பணிப்பெண்ணுக்கு வெளியூரில் தனி அறையும் தடித்த திரையும் கொடுக்கிறார்கள், ஓய்வு என்றால் அதற்கு இடமும் வேண்டும் என்று அங்கே புரிந்திருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்து, 2019இல் அதை உறுதி செய்தது. பழகிவிட்டது என்று நாம் சொல்வது பல நேரங்களில் முறையிட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதைத்தான்.

கொழுந்து காத்திருக்காது என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது உண்மை. வாடிய கொழுந்தை விடியும் வரை வைத்திருந்தால் அது தேயிலையாகாது, குப்பையாகும். இரவு வேலையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. விமானமும் காத்திருக்காது, ஆஸ்பத்திரியும் காத்திருக்காது. ஒரே ஆளை எத்தனை இரவுக்குத் தொடர்ந்து நிறுத்துகிறோம், அவனுக்கு மாற்று யார், நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்பவை கொழுந்தின் அவசரத்துக்கு அடங்காத கேள்விகள். அவற்றை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கை எழுத முடியும் என்பதற்கு இலங்கைச் சட்டத்திலேயே சான்று உண்டு. தொழிற்சாலைகளில் பெண்களை இரவில் வேலைக்கு அமர்த்த வழிவிட்ட 1984ஆம் ஆண்டுத் திருத்தம், அவர்களை விருப்பத்துக்கு மாறாக அமர்த்தக் கூடாது, பகலில் வேலை செய்தவரை இரவு பத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது, ஓய்வறை வேண்டும், ஒன்றரை மடங்கு கூலி வேண்டும், மாதத்தில் 10 இரவுக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. பெண்களைப் பாதுகாக்கும் நோக்கில் வந்த சட்டம் அது. ஆண்களின் இரவுகளை அது எண்ணுவதில்லை. இரவு ஸ்டோரில் காலங்காலமாக நிற்பது ஆண்கள். அவர்களுக்கும் அதே எண்ணை வைத்தால் தேயிலைத் தொழில் சாய்ந்துவிடாது. கூடுதலாகச் சில ஆட்களைப் பழக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

குடும்பங்கள் குலைவதற்குக் குடியைக் காட்டுவது தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் நெடுநாள் வழக்கம். குடி செய்யும் கேட்டை மறைப்பதற்கில்லை. அடியும் கடனும் பசியும் அதன் வழியே வீட்டுக்குள் வருகின்றன. ஆனால் விடிய விடிய நின்றுவிட்டு வந்தவன் ஏன் ஊற்றிக்கொள்கிறான் என்பதையும் கேட்க வேண்டும். படுத்தவுடன் கண்ணை மூட வைக்கும் மலிவான மருந்து அதுதான். முதல் இரண்டு மூன்று மணி நேரம் அது அமுக்கி வைக்கும்; பிறகு தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். எழுகிறவனுக்கு எரிச்சல் மிஞ்சும், அந்த எரிச்சல் கைக்கெட்டியவர் மேல் இறங்கும். தொடர்ந்து தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு. குடியை ஒழி என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள், தூங்க இடமும் நேரமும் கொடு என்று அதே மேடையில் சொல்வதில்லை. குணத்தைத் திருத்தச் சொல்வது எளிது. வேலை நேரத்தைத் திருத்தினால் பணம் செலவாகும்.

வெளிநாடு போன பெண்களின் கதையிலும் இதே தவறு நடக்கிறது. ரியாத்தில் நள்ளிரவு என்றால் கொஸ்லந்தையில் இரண்டரை மணி. கடைசிப் பாத்திரத்தைக் கழுவிவிட்டுக் கைபேசியை எடுக்கிறவர், அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிப் பேசவும் முடியாது, பேசாமல் படுக்கவும் மனம் வராது. கணவர் ஸ்டோரில் இரவு வேலை என்றால் அவர் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பார். வெள்ளிக்கிழமை விருந்தினர், நோன்பு மாதத்தில் இரவெல்லாம் அடுப்பு, கைக்குழந்தை உள்ள வீடென்றால் அதன் அழுகை. சொந்தப் பிள்ளையின் தூக்கத்தைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையின் தூக்கத்துக்குக் காவல் இருப்பதே அந்த வேலை. 2013இல் இலங்கை அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய தாய்மார் வெளிநாடு போவதைத் தடுக்கும் வகையில் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்தது. தாய் போவதால் குடும்பம் கெடுகிறது என்பது அதன் அடிப்படை. போன இடத்தில் அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், வீட்டுடன் பேச அவளுக்கு ஒரு நேரம் உண்டா என்ற விசாரணை அந்த அறிக்கையில் இடம்பெறவில்லை. விரும்பித்தானே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: விமானப் பணிப்பெண்ணும் விரும்பித்தான் அந்த வேலைக்குப் போனார். அதற்காக அவருடைய ஓய்வை யாரும் ரத்து செய்யவில்லை. வளைகுடாவிலும் எழுத்தில் விதிகள் உண்டு. சவூதி அரேபியாவின் 2013ஆம் ஆண்டு விதிமுறை வீட்டுப் பணியாளருக்கு நாளுக்கு 9 மணி நேர ஓய்வு என்றது. குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வேலையை 12 மணி நேரத்துக்குள் நிறுத்துகிறது. எண்ணிப் பார்க்க ஆள் இல்லாத விதிகள் அவை. பூட்டிய வீட்டுக்குள் தொழில் பரிசோதகர் எளிதில் நுழைய முடியாது. அனுப்புகிற நாடு கேட்டால்தான் உண்டு.

கொஸ்லந்தைப் பக்கத்துக்கென்றே இன்னொரு தூக்கமின்மை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, தீபாவளி முடிந்து ஒரு வாரம், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், பெற்றோர் இல்லாமல். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கினார்கள். பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் பல மலைகளை உடைத்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த மில்லிமீற்றரை யார் எண்ணுவது? நடைமுறையில் ஊர் முழுதும் எண்ணுகிறது. மழை வலுத்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பெரும்பாலும் தாய். காலையில் பேர் இருக்கிறது என்பதற்காக மழை நிற்பதில்லை. விமானத்தில் மற்றவர் ஓய்வெடுக்க முடிவது, விழித்திருக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருப்பதால். அபாய வலயம் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சம்பளத்தோடு ஒரு மழைக் காவலாளி இருந்தால், நூறு பேர் கண்ணயரலாம்.

சம்பளம், காணி, வீடு எதுவும் தீராதபோது தூக்கத்தைப் பற்றிப் பேசுவது சொகுசு என்று சிலர் நினைக்கலாம். மனநலம் அவரவர் மனத்திடத்தைப் பொறுத்தது, சட்டத்தால் ஆவதில்லை என்றும் சொல்லலாம். முதலாவதற்குப் பதில் இது: வீடு கேட்பதே நிம்மதியாகப் படுக்கத்தான். தூக்கம் அந்தக் கோரிக்கைகளோடு போட்டி போடவில்லை, அவை எதற்காக என்பதைச் சொல்கிறது. இரண்டாவதற்கு இந்த நாடே பதில் சொல்லியிருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. யாருடைய மனத்தையும் யாரும் திடப்படுத்தவில்லை. ஒரு கெட்ட கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு அகற்றப்பட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கணத்தைக் கடந்து வாழ்ந்தார்கள். மனத்தைக் காக்க மனத்துக்கு வெளியே செய்ய வேண்டியவை நிறைய உண்டு. தூக்கம் அவற்றில் ஒன்று.

ஆகவே என் கோரிக்கை சிறியது, எண்ணால் அளக்கக்கூடியது. ஒவ்வொரு ஸ்டோரிலும் கொழுந்து எத்தனை மணிக்குப் பரப்பப்பட்டது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதே புத்தகத்தில் வேலைக்காரனின் இரவுகளுக்கும் ஒரு பத்தி வேண்டும். மாதத்துக்குப் பத்து என்று பெண்களுக்கு இருக்கும் வரம்பு அவனுக்கும் வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முத்திரை வைக்கும் ஒப்பந்தத்தில் படுக்கும் நேரமும் வீட்டுடன் பேசும் நேரமும் எழுதப்பட வேண்டும், மாதம் ஒருமுறை தொலைபேசியில் அதைக் கேட்டறியவும் வேண்டும். அபாய வலயத் தோட்டங்களுக்கு மழைக் காவல் வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொழும்புக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் ரூபாய்த் தொகைக்குக் கீழே இந்த மூன்று வரிகளையும் எழுதிக்கொண்டு போகட்டும். விமானப் பணிப்பெண்கள் கேட்டதால் அவர்களுக்குப் பத்து மணி நேரம் கிடைத்தது. கேட்காதவர்களுக்கு ஒரு மணி நேரமும் கிடைக்கப்போவதில்லை.